பிஸ்டன் என்ஜின் கொண்ட சிறு விமானமான செஸ்னா 172-ஐ நன்றாக ஓட்டுவேன். சிமுலேட்டரில் டர்போப்ராப் புஷ் விமானம் (டர்பைன் என்ஜினால் ப்ரொப்பெல்லர் சுற்றும், ஒதுக்குப்புறமான கரடுமுரடான இடங்களில் இறங்கும் வகை) எடுத்தால் குட்டை ரன்வேயில் இறங்க முடியவில்லை. மிதந்துகொண்டே போகிறது, பவரும் தாமதமாக வருகிறது. எப்படிப் பழகுவது?

இரண்டு சிக்கல் சொல்லியிருக்கிறீர்கள். இறங்கும்போது விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகிறது. பவரைக் கூட்டினால் உடனே வருவதில்லை. 172-இல் ஊறிய பழக்கத்தோடு டர்பைனைத் தொடுவதால்தான் இரண்டும் வருகின்றன. நீங்கள் புதிதாகப் பழக்க வேண்டியது பவர் லீவரைப் பிடிக்கும் கையை.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் நான் அதிகம் ஓட்டுவது கோடியாக் 100. எனக்கு மிகவும் பிடித்த விமானம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாண்ட்பாயின்ட் என்ற சிற்றூரில் பிறந்தது. கிறிஸ்தவ மிஷன் விமானிகளின் தேவையை மனதில் வைத்து குவெஸ்ட் நிறுவனம் இதை வடிவமைத்தது. பழைய புஷ் விமானங்கள் குடிப்பது ஏவ்கேஸ் எனும் விமானப் பெட்ரோல். ஒதுக்குப்புறமான ஊர்களில் அது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை எக்கச்சக்கம். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஜெட் எரிபொருள் அங்கேயும் கிடைக்கும். அதனால்தான் இவ்வளவு சிறிய விமானத்துக்கு டர்பைன் வைத்தார்கள். 750 குதிரைத்திறன் தரும் பிடி6ஏ-34 என்ஜின். முழு எடை 3,290 கிலோ. அந்த எடையிலும் கடல்மட்டத்தில் சுமார் 285 மீட்டர் ஓடினால் தரையை விட்டுவிடும். இந்தோனேசியாவின் பப்புவா மலைகளில், சாலையே போகாத ஊர்களுக்கு அரிசியும் நோயாளிகளும் இதில் போய் வருகிறார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஓட்டும்போது ஒவ்வொரு லீவரும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

சரி, பவர் ஏன் தாமதமாக வருகிறது? பிடி6 என்ஜினுக்குள் இரண்டு தனித்தனிச் சுழலிகள். ஒன்று காற்றை அழுத்தி, எரிபொருளோடு எரித்து, சூடான வாயுவை ஊதுகிறது. அந்த வாயு அடித்துத்தான் இரண்டாவது டர்பைன் சுழல்கிறது. ப்ரொப்பெல்லரைச் சுற்றுவது அந்த இரண்டாவதுதான். இரண்டுக்கும் நடுவே தண்டு கிடையாது. இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போட்டால் மற்றதும் சுற்றுமே, அப்படித்தான். லீவரைத் தள்ளியதும் முதல் சுழலி வேகம் பிடிக்க வேண்டும், அதன் பிறகே ப்ரொப்பெல்லருக்கு வலு போய்ச் சேரும். ஐடிலிலிருந்து, அதாவது என்ஜின் மிகக் குறைந்த பவரில் ஓடும் நிலையிலிருந்து, தள்ளினால் இந்தத் தாமதம் இன்னும் நீளும்.

எனவே குட்டை ரன்வேக்கு வரும்போது லீவரை ஐடிலுக்கு இழுத்துவிட்டுச் சறுக்கி வராதீர்கள். கொஞ்சம் டார்க்கை, அதாவது ப்ரொப்பெல்லரைச் சுற்றும் முறுக்கு விசையை, கடைசிவரை வைத்திருங்கள். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்பை முழுவதும், அதாவது 35 டிகிரிக்கு இறக்கிவிட்டால் இழுவை கூடும். அந்த இழுவைக்கு எதிராக டார்க்கை வைத்துக்கொண்டு, லீவரை நகத்தின் அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் அசைத்து இறக்க விகிதத்தைச் சரிசெய்யுங்கள். என்ஜினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் கண்டிஷன் லீவரை ஹை ஐடிலில் (கூடுதல் வேக ஐடில்) வைத்தால் முதல் சுழலியின் வேகம் குறைந்துபோகாது, பவரும் சீக்கிரம் வரும்.

மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம்தான். நான் 75 நாட்டை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) குறிவைத்து வருவேன், சுமை குறைவு என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்து. 85-இல் வந்தால் வெறும் 10 நாட்தானே என்று தோன்றும். ஆனால் கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஏறத்தாழ 28 சதவீதம் அதிகம். குறைந்த வேகத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த விமானத்தின் இறக்கையில் வெளிப்பகுதியின் முன்விளிம்பு தனியாக வளைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. உள்பகுதி ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து நிற்கும்போதும், வெளிப்பகுதி காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் பேச்சைக் கேட்கும். உயரத்தில் போய் நீங்களே ஸ்டால் செய்து பாருங்கள், நம்பிக்கை வரும்.

அடுத்தது பீட்டா. சக்கரம் தரையைத் தொட்டதும் லீவரைத் தூக்கி ஐடில் தடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுத்தால் ப்ரொப்பெல்லர் தகடுகள் தட்டையாகி, காற்றைத் தடுக்கும் பலகை மாதிரி நிற்கும். இன்னும் இழுத்தால் ரிவர்ஸ், அதாவது ப்ரொப்பெல்லர் காற்றை முன்பக்கமாகத் தள்ளும். கோடியாக்கில் இதைப் பறக்கும்போது செய்யவே கூடாது. பிலாட்டஸ் பிசி-6 போர்ட்டரில் காற்றிலேயே பீட்டா போட அனுமதி உண்டு, அதனால் அதில் பார்த்த வீடியோக்களை இதற்குப் பொருத்தாதீர்கள். உங்கள் த்ராட்டில் கருவியில் ஐடில் எங்கே முடிகிறது, பீட்டா எங்கே தொடங்குகிறது என்று அமைப்புகளில் துல்லியமாகப் பொருத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் ஆயிரம் முறை இறங்கினாலும் கை பழகாது. சரளைத் தரையில் வேகம் குறைந்ததும் ரிவர்ஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கல் எழும்பித் தகட்டில் அடிக்கும். சிமுலேட்டரில் தகடு உடையாதுதான், ஆனாலும் நல்ல பழக்கமாகவே படிந்துவிடட்டும்.

கிளம்பும்போது 172-இல் செய்வதுபோல லீவரை முழுவதும் தள்ளக் கூடாது. தாழ்வான இடத்தில் டார்க் சிவப்புக் கோட்டை முதலில் தொடும். உயரமான, வெப்பமான இடத்தில் ஐடிடி எனும் என்ஜின் டர்பைன்களுக்கு இடையிலான வெப்பநிலை முதலில் தொடும். எது முந்துகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். தானாகக் கட்டுப்படுத்தும் கணினி இதில் இல்லை.

பழக இடம் கேட்டால், ஐடஹோவின் ஜான்சன் கிரீக்கைச் சொல்வேன். சுமார் 1,500 மீட்டர் உயரம், ஒரு கிலோமீட்டர் நீளப் புல்தரை, இருபுறமும் மலை. தவறினாலும் சமாளிக்க நீளம் இருக்கிறது. முதல் 300 மீட்டருக்குள் நிற்பது என்று நீங்களாகவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து கைகூடும்வரை வேறெங்கும் போக வேண்டாம்.

அப்புறம் நேபாளத்தின் லுக்லா. எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். உயரம் ஏறத்தாழ 2,845 மீட்டர், ரன்வே 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். ஏறுமுகமாக இறங்கி, இறங்குமுகமாகக் கிளம்ப வேண்டும். ரன்வேயின் மேல்முனையில் சுவர், அதன் பின்னால் மலை. வேகமானியில் 75 நாட் காட்டினாலும், அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் உண்மை வேகம் சுமார் 86 நாட். ரன்வே மேல்நோக்கிச் சரிந்திருப்பதால் நாம் ரொம்ப உயரத்தில் வருகிறோம் என்று கண் ஏமாற்றும். அதை நம்பி மூக்கைத் தாழ்த்தினால் ரன்வேக்கு முன்னால் இருக்கும் சரிவில் மோத நேரிடும். கண்ணை விட்டுவிட்டு வேகத்தையும் இறக்க விகிதத்தையும் பாருங்கள். அங்கே கடைசி நேரத்தில் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே பள்ளத்தாக்கில் திரும்ப இடமிருக்கும்போதே ஒரு புள்ளியை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் புள்ளியில் ஃப்ளாப், வேகம், டார்க் மூன்றும் சரியாக இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். நிஜத்தில் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் போகின்றன. பிற்பகலில் காற்றும் மேகமும் கெடுத்துவிடும். நீங்களும் சிமுலேட்டர் நேரத்தைக் காலை 7 மணிக்கு வைத்துத் தொடங்குங்கள்.

தரையைத் தொடும் நேரத்தில் ஏற்றத்துக்கு ஈடாக மூக்கை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கும். பவரைச் சட்டென்று எடுத்துவிட்டால் பொத்தென்று விழும். இறங்கிய பிறகும், மேலே நிறுத்துமிடம் வரை ஏறிப்போக டார்க் தேவைப்படும், அதனால் ரிவர்ஸ் அனேகமாக வேண்டியிருக்காது.