ஜன்னலிலிருந்து தெருவை வரைய: பிரான்சிஸ் கையின் வழி

மாடி ஜன்னலிலிருந்து தெருவை வரையும்போது கூரைக் கோடுகள் பிசகுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். தலை அசைவதுதான் காரணமாக இருக்கும். 1820 வாக்கில் அமெரிக்காவின் புரூக்ளினில் பனிக்காலத் தெருவை வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துத் தீட்டிய ஓவியர் பிரான்சிஸ் கைக்கு (Francis Guy) ஒரு வழி இருந்தது. சட்டத்தில் மெல்லிய கறுப்பு வலைத்துணி கட்டி, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி, துணிக்கு அப்பால் தெரிவதை அதன்மேலேயே சாக்பீஸால் வரைவார்.

உங்களுக்கு 30 × 40 செ.மீ. சட்டம் போதும். பெரிதானால் கை எட்டாது, ஓரக் கட்டடங்களும் இழுபடும். கேன்வாஸுக்கு முன்பே மங்கிய பழுப்பு பூசிக் காயவிடுங்கள். வெள்ளையில் சாக்பீஸ் எங்கே தெரியும்? வரைந்த துணியைத் திருப்பாமல் கேன்வாஸ்மேல் வைத்துப் புறங்கையால் அழுத்தினால் சாக்பீஸ் தூள் இறங்கும். திருப்பினால் இடவலம் மாறிவிடும். வீடு, வேலி, மரம் மட்டும் இப்படி எடுங்கள். ஆட்களையும் கோழிகளையும் பிறகு தனியாகச் சேருங்கள், அவை உங்களுக்காக நிற்காது.