செல்லுக்கு ஏன் வயசாகுது? டிஎன்ஏ டேமேஜ் பத்தி கேளுங்க, சொல்றேன்

கே: அக்கா, டிஎன்ஏ கெட்டுப்போறது வெயில், சிகரெட்டால மட்டும்தானா? நான் ரெண்டு பக்கமும் போறதில்ல.

ப: போகாம இருக்கறது ரொம்ப நல்லது தம்பி, ஆனா உடம்புச் சூடும் செல்லுக்குள்ள இருக்கற தண்ணியுமே போதும், ஒவ்வொரு செல்லுலயும் தினம் சுமாரா 10,000 எழுத்து (டிஎன்ஏ இழையில வரிசையா இருக்கற சின்னச் சின்ன வேதித்துண்டு) டிஎன்ஏல இருந்து கழண்டு விழுது. இதைக் கணக்குப் போட்டவர் தாமஸ் லிண்டால். செல் இதை எப்படி ரிப்பேர் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2015ல கெமிஸ்ட்ரி நோபல், இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து.

கே: அவ்ளோ ரிப்பேர் நடந்தும் ஏன் வயசாகுது?

ப: டிஎன்ஏவோட ரெண்டு இழையும் ஒண்ணா அறுந்தா ஒட்டுற இடத்துல தப்பு வந்துடும். டேமேஜ் கூடிப்போச்சுன்னா பி53ங்கற புரோட்டீன், இது கேன்சரா மாறிடக்கூடாதுன்னு செல்லை நிறுத்திடும், அப்போ ஒண்ணு, செல் தன்னையே அழிச்சுக்கும், இல்ல பிரியறதை விட்டுட்டு அங்கயே உக்காந்துடும். அப்படி உக்காந்த செல் அழற்சியத் தூண்டற பொருளைக் கக்கிட்டே இருக்கும், அக்கம்பக்கத்து செல்லும் பாழாகும். என்னைக் கேட்டா டேமேஜை விட இதுதான் பெரிய பிரச்சனை.

கே: மேடம், மனுஷங்கள்ல ஆதாரம் இருக்கா?

ப: இருக்கு, வெர்னர் சிண்ட்ரோம், சின்ன வயசுலயே முதுமை வந்துடற ஒரு அரிய பரம்பரை நோய். ஜப்பான்லதான் அதிகம் பார்த்திருக்காங்க. டபிள்யூஆர்என்னு ஒரே ஒரு ஜீன், டிஎன்ஏ முறுக்கைப் பிரிச்சு ரிப்பேருக்கு உதவற புரோட்டீனோடது, 1996ல கண்டுபிடிச்சாங்க. அது கெட்டா குழந்தையா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, வயசுக்கு வர்ற சமயத்துல உயரம் நின்னுடும், 20கள்லயே நரை, 30கள்ல கண்புரை, சுகர். அவங்க தோல் செல்லை லேப்ல வளர்த்தா மத்தவங்களோடதை விட சீக்கிரமே பிரியறதை நிறுத்திடுது. ஒரே ஒரு ரிப்பேர் ஜீனுக்கு இவ்வளவு, படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப்போச்சு.

கே: அப்பா கீமோ எடுத்தப்புறம் பத்து வயசு கூடின மாதிரி இருக்கார், என் பிரமையா?

ப: பிரமை இல்லம்மா. பல கீமோ மருந்து டிஎன்ஏவை உடைச்சுத்தான் கேன்சர் செல்லைக் கொல்லுது, நல்ல செல்லும் கொஞ்சம் அடி வாங்கும். சின்ன வயசுல கேன்சர்ல இருந்து மீண்டவங்களுக்கு இதய நோய் மாதிரி சிலது சீக்கிரமே வருது. அதனால அப்பாவுக்கு செக்கப் விடாம பாருங்க, கீமோ எடுத்தது தப்புன்னு மட்டும் நினைக்காதீங்க, அவர் இன்னைக்கு உங்ககூட இருக்கார்ல.

கே: ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டா இந்த டேமேஜ் குறையுமா?

ப: அதை நம்பிப் போட வேணாம். பின்லாந்துல சிகரெட் பிடிக்கற 29,000 ஆம்பளைங்கள வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, 1994ல ரிசல்ட் வந்தப்ப கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின்ங்கற ஆன்டி ஆக்ஸிடன்ட்டை மாத்திரையா போட்டவங்களுக்குத்தான் நுரையீரல் கேன்சர் அதிகமா வந்திருந்துச்சு. கேரட்டை பொரியலாவே சாப்பிடுங்க.