அம்மாவின் பித்தப்பை அறுவை: வழக்கு நிற்குமா?

வணக்கம். தனியார் மருத்துவமனையில் பித்தப்பையை எடுக்கும்போது அம்மாவின் பித்தநாளம் வெட்டுப்பட்டது, வேறொரு இடத்தில் மறு அறுவை செய்ய வேண்டியதாயிற்று, முதல் மருத்துவமனை கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய பதிவு) தர மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

முதலில் கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. மறுத்தால் அதுவே உங்களுக்குச் சாதகமாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பித்தநாளக் காயம் இந்த அறுவையில் நேரக்கூடிய சிக்கல்தான். அது நேர்ந்தது என்பதை மட்டும் வைத்து வெல்வது கடினம். அறுவைக்குப் பிறகு அம்மா வயிற்றுவலி, மஞ்சள்காமாலை என்று சொல்லியும் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்களா? வழக்கின் உயிர் அங்கேதான். மறு அறுவை செய்த டாக்டரிடம், தான் கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

போலீஸ் புகாரால் இழப்பீடு வராது. படுமோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. மனுப் போடக் கெடு 2 வருடம். மறு அறுவைச் செலவு, அம்மா இழந்த வருமானம், பட்ட வேதனை எல்லாவற்றையும் கேளுங்கள். பில்களை இன்றே ஒரு ஃபைலில் சேருங்கள்.