தூங்கினா என்ன ஆகும், டாக்டர்?

கேள்வி: என் ஆறு வயது மகள், "தூங்குறது வேஸ்ட்மா, நீங்க மட்டும் டிவி பார்க்குறீங்க" என்று அடம்பிடிக்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, சகோதரி. இந்த வயதில் பல பிள்ளைகளுக்குத் தூக்கம் என்றால் எல்லாமே நின்றுபோவதுதான். தன்னை விட்டுவிட்டு வீடு விழித்திருக்கிறதே என்ற ஏக்கம் வேறு. உடம்பு சும்மா இருப்பதில்லை என்று சொல்லுங்கள். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பகலில் படித்த வாய்ப்பாட்டை மூளை அப்போது பதியவைக்கிறது. "ராத்திரி உன் மூளைக்கு நிறைய வேலை இருக்கு" என்பேன் என்னிடம் வரும் குழந்தைகளிடம், கண்கள் விரியும். 6 முதல் 12 வயதுவரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. எட்டரைக்கு டிவியை அணைத்துவிடுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.