தாய்லாந்துக்கு கைச்செலவு பணத்தை எப்படி கொண்டு போறது?

கேள்வி: திருநெல்வேலியிலேருந்து அத்தை மாமாவையும் பசங்களையும் கூட்டிட்டு பாங்காக், பட்டாயா போறோம். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கட்டியாச்சு. கைச்செலவுக்கு ஒரு லட்சம் வச்சிருக்கோம். ஏஜென்ட், "ரூபாயா குடுத்துடுங்க, கமிஷன் இல்லாம தாய்லாந்து காசு பாட்டா மாத்தி ஏர்போர்ட்ல தந்துடறேன், பில்லெல்லாம் எதுக்கு"ன்னு சொல்றார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க மேடம். ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் இருக்கிற பேங்க், மணி சேஞ்சர் தவிர வேற யார்கிட்டயும் வெளிநாட்டு கரன்சி வாங்குறது ஃபெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டப்படி தப்பு, பில் இல்லாத பணத்துல ஒரு நோட்டு கள்ள நோட்டா இருந்தா யார்கிட்ட போய் கேப்பீங்க, அங்க போலீஸ் கேட்டா என்ன காட்டுவீங்க. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் எடுத்துட்டு நேரா கவுண்டருக்கு போங்க, அரை மணி நேர வேலைதான். 50,000 ரூபாய்க்கு மேல வாங்கினா கேஷா வாங்க மாட்டாங்க, அக்கவுண்ட்லேருந்து அனுப்பணும். நோட்டா ஒரு ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைக்கும் தருவாங்க, உங்க தொகைக்கு அது ஒரு பிரச்னையே இல்ல.

அடுத்தது இந்த "கமிஷன் இல்ல". இதுலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் பணத்தை விடுறாங்க. கமிஷன் வாங்கலைன்னா லாபம் ரேட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். உதாரணத்துக்கு கூகுள்ல ஒரு பாட் 2.70 ரூபாய்னு வச்சுக்கோங்க, 50,000 ரூபாய்க்கு சுமார் 18,500 பாட் வரணும். கவுண்டர்காரர் 2.95-ன்னு போட்டா கைக்கு வர்றது 16,950 கூட இல்ல, நாலாயிரம் ரூபாய்க்கு மேல போச்சு, ஆனா பில்லுல கமிஷன் ஜீரோன்னுதான் இருக்கும். அதனால "ரேட் என்ன, கமிஷன் எவ்வளவு"ன்னு தனித்தனியா கேக்காதீங்க, "50,000 குடுத்தா ஜிஎஸ்டி எல்லாம் போக எத்தனை பாட் என் கைக்கு வரும்"னு ரெண்டு மூணு இடத்துல போன் பண்ணி இந்த ஒரே கேள்வியை கேளுங்க. டிபார்ச்சர் ஏர்போர்ட் கவுண்டரை நம்பி மட்டும் போகாதீங்க, அங்க ரேட் பெரும்பாலும் மோசம்.

நான் சொல்றது, முதல் நாள் டாக்ஸி, சாப்பாட்டுக்கு நாலஞ்சாயிரம் பாட் இங்கயே வாங்கிக்கோங்க, மிச்ச கேஷை 100 டாலர் நோட்டா வாங்குங்க. டாலர் இங்க நிறைய புழங்குறதால ரேட்ல வித்தியாசம் கம்மியா இருக்கும், பாங்காக்ல சூப்பர்ரிச் மாதிரி கடைகள்ல நல்ல ரேட்டுக்கு மாத்துவாங்க, பாஸ்போர்ட் கேப்பாங்க. சுவர்ணபூமி ஏர்போர்ட்லயே கீழ் தளத்துல ரயில் ஏறுற இடத்துக்கிட்ட இந்த மாதிரி கவுண்டர்கள் இருக்கு, வெளிய வந்ததும் கண்ணுல படுற முதல் கவுண்டர்ல மாத்திடாம கீழ இறங்கி போங்க. அங்க போர்டை பாத்தீங்கன்னா 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், 20, 10 டாலர் நோட்டுக்கு அதை விட கம்மியா ஒரு ரேட் போட்டிருக்கும், சில்லறை நோட்டு வாங்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். கிழிஞ்சது, பேனா கிறுக்கல் உள்ளது எதுவும் இங்கயே வாங்காதீங்க, அங்க திருப்பி குடுத்துடுவாங்க. ரூபாயா 25,000 வரைக்கும் கொண்டு போகலாம்தான், ஆனா அங்க ரூபாய்க்கு நல்ல ரேட் கிடைக்காது.

ஒரு லட்சத்தையும் கேஷா வேணாம், பாதியை ஃபாரெக்ஸ் கார்டுல, அதாவது வெளிநாட்டு காசை முன்னாடியே போட்டு வச்சுக்கிற கார்டுல, பாட்டாவே லோட் பண்ணிக்கோங்க, மால், பெரிய ரெஸ்டாரண்ட் எல்லாம் கார்டு எடுப்பாங்க, தெருக்கடை, மிதக்கும் மார்க்கெட், பட்டாயா ஷேர் வண்டிக்கெல்லாம் கேஷ்தான். சாதாரண கிரெடிட் கார்டுன்னா காசை மாத்துறதுக்கு பேங்க் பெரும்பாலும் 3.5 சதவீதம் கூடுதலா (மார்க்கப்) புடிக்கும், அது மேல ஜிஎஸ்டி. அதை ஏடிஎம்ல போடவே போடாதீங்க, எடுத்த நாள்லேருந்து வட்டி ஓடும். நம்ம ஊர் கார்டு எதுவா இருந்தாலும் அங்க பெரும்பாலான ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதுக்கு மேல புடிக்கும், அஞ்சு தடவை ஆயிரம் ஆயிரமா எடுக்கிறதை விட ஒரே தடவையா எடுக்கிறது நல்லது.

இதை மட்டும் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. ஏடிஎம்லயோ கடையில கார்டு மெஷின்லயோ பணம் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரீன் வரும், இந்த தொகை உங்க ஊர் காசுல இவ்வளவு ரூபாய், ஒத்துக்கறீங்களான்னு கேக்கும். ரூபாய்ல பாக்கும்போது நமக்கு வசதியா தெரியும், ஆனா அந்த ரேட்டை வைக்கிறது உங்க பேங்க் இல்ல, ஏடிஎம், மெஷின் பக்கத்து ஆளுங்க, அதுல அவங்க லாபம் சேத்துத்தான் காட்டுவாங்க. வித்தவுட் கன்வர்ஷன், இல்லன்னா டிக்ளைன்னு இருக்கிறதை அழுத்துங்க. ட்ரான்ஸாக்ஷன் கேன்சல் ஆயிடுமோன்னு பயப்பட வேணாம், பணம் வரும். கடைக்காரர் அவரா ரூபாய்ல போட்டுட்டா "தாய் பாட், ப்ளீஸ்"னு சொல்லி மறுபடி போட சொல்லுங்க.

பேங்க் கார்டு எடுத்துட்டு போறீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணி லிமிட்டை சின்னதா வைங்க. பணத்தை செக்-இன் பெட்டியில வைக்காதீங்க, ஒருத்தர்கிட்டயே எல்லாத்தையும் குடுக்காம மாமா கைலயும் கொஞ்சம் இருக்கட்டும். திரும்பி வந்ததும் மிச்சம் 2,000 டாலர் வரைக்கும் நோட்டா வச்சுக்கலாம், அதுக்கு மேலன்னா 180 நாளுக்குள்ள திருப்பி மாத்திடணும். பாட் சில்லறைக் காசை அங்கயே செலவு பண்ணிடுங்க, காசை இங்க எந்த கவுண்டரும் வாங்காது.