கூலன்ட் எங்கே போகிறது? வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: என்னுடையது 2014இல் பதிவான ஜப்பானிய செடான். 2024இல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். இப்போது 240,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகக் கடற்பால நெரிசலில் நிற்கும்போது சூட்டு முள் மேலே ஏறுகிறது, ஜோகூரைத் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் தானாக இறங்கிவிடுகிறது. வாரா வாரம் டப்பாவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டு கிடையாது. வொர்க்‌ஷாப்பில் முதலில் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) மாற்றினார்கள், அப்புறம் ரேடியேட்டர் மூடி, இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். தீபாவளிக்கு ஈப்போ போகணும். மாற்றிவிடலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கோளாறு இருக்கிறது, ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பில்தான் ஏறும்.

முதலில் நெரிசல். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் காற்றை இழுக்க அந்த மின்விசிறியை விட்டால் வேறு வழி இல்லை. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் சந்தேகம் முதலில் விசிறி மேல் போக வேண்டும். மோட்டார் தேய்ந்திருக்கலாம், ரிலே போயிருக்கலாம், இரண்டு விசிறி உள்ள காரில் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு பிஐஇ விரைவுச்சாலையில் 90இல் போகும்போது சூடேறினால்தான் நான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று யோசிப்பேன். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருந்தால் நெடுஞ்சாலையிலும் முள் இறங்கியிருக்காது, அதனால் அதை முதலில் மாற்றியது எனக்குப் புரியவில்லை. சரி, 240,000 ஓடிய காரில் அது எப்படியும் மாற்ற வேண்டிய சாமான்தான், வீண் என்று சொல்ல மாட்டேன்.

செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கானைப் போட்டு, பானெட்டைத் திறந்து விசிறி சுற்றுகிறதா என்று எட்ட நின்று பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும். இன்னொன்றும் கவனியுங்கள். நெரிசலில் ஏர்கான் காற்று வெதுவெதுப்பாகி, கார் நகரத் தொடங்கியதும் மறுபடி சில்லென்று வருகிறதா? ஏர்கானின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, காற்று இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே தவிக்கும். அப்படி இருந்தால் விசிறிதான் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

அடுத்தது, காணாமல் போகும் கூலன்ட். "பழைய கார் அங்கிள், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மூடிய அமைப்பு, எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மாதக்கணக்கில் ஒரு விரற்கடை குறைந்தால் விட்டுவிடலாம், வாரா வாரம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. கீழே சொட்டவில்லை என்பதால் ஒழுகவில்லை என்று ஆகாது, சூடான எஞ்சின் மேல் விழுகிற துளி அங்கேயே காய்ந்துவிடும், மிச்சமிருப்பதை அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் குழாய்கள் சேரும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, இங்கெல்லாம் வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி படிந்திருந்தால் திருடன் பிடிபட்டான். வெறும் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மூடியின் வால்வு சரியில்லாவிட்டால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார் என்றால் காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது அதையும் திறந்து பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வொர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் ஒரு பார் அளவில், அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். முள் இறங்கினால் ஒழுகுகிறது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால், ஒழுக்கு உள்ளே. அப்போது பிளாக் டெஸ்ட். ஒரு நீல மருந்து வழியாக ரேடியேட்டர் காற்றை இழுப்பார்கள், பெட்ரோல் எஞ்சினின் புகை அதில் கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகிவிடும், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உதறுவது, விடாமல் வரும் வெள்ளைப் புகையில் ஒரு தித்திப்பு வாடை, டப்பாவில் குமிழி குமிழியாக வருவது, இவையும் அதே கதைதான். இந்த இரண்டு சோதனையும் ரேடியேட்டர் விலையில் ஒரு சிறு துண்டு. இதைச் செய்யாமல் "இதை மாற்றிப் பார்க்கலாம்" என்கிற வொர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு கார் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ போய் இன்னொருவரிடம் காட்டுவது மேல். சோதனையில் ரேடியேட்டர்தான் என்று தெரிந்தால் சந்தோஷமாக மாற்றுங்கள், அந்தப் பிளாஸ்டிக் தொட்டிக்கும் வயதாகிவிட்டது. கூடவே பழைய குழாய்களையும் மாற்றச் சொல்லுங்கள், ஒரே கூலி.

ஈப்போ ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இது தீராமல் கிளம்பாதீர்கள். உட்லண்ட்ஸில் அதிகாரி கேட்பார் என்பதற்காக பெட்ரோல் டேங்க் முக்கால்வாசி இருக்கிறதா என்று பார்க்கிற நாம், யாரும் கேட்காத கூலன்டைப் பார்ப்பதில்லை. வழியில் முள் ஏறினால் ஏர்கானை அணைத்து, ஹீட்டர் இருக்கும் காராக இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து (நம் ஊர்க் கார்கள் சிலவற்றில் அது கிடையவே கிடையாது), பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாக முகத்தில் அடிக்கும். மேல் குழாயை வெறுங்கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

கேள்வி: பலமாடி கார் நிறுத்துமிடத்தில் என் காருக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. கூலன்டா? – ஜூரோங் வாசகர்

பதில்: நிறமில்லாமல், பிசுபிசுப்பில்லாமல், ஏர்கான் போட்ட நாளில் மட்டும் முன் இருக்கைக்கு அடியில் சொட்டினால் அது ஏர்கான் தண்ணீர். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: என் மாமனார் அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். "இங்கே என்ன பனியா பெய்கிறது, பைப் தண்ணீர் போதும்" என்று என் காரில் அதையே ஊற்றுகிறார். சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். – ஈசூன் வாசகி

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. உறைந்துபோகும் பயம் நமக்கு இல்லை, அதோடு சூட்டை வாங்கிக்கொண்டு போவதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன். ஆனால் அவர் ஓட்டிய லாரியில் எஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். உங்கள் காரில் ரேடியேட்டர், எஞ்சின் தலை எல்லாம் அலுமினியம். துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, பம்பின் சீல் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். கொதிநிலையும் கூடுகிறது, பாதிக்குப் பாதி கலவை அழுத்தம் இல்லாமலேயே சுமார் 107 டிகிரி வரை தாங்கும். ஆத்திர அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் குற்றமில்லை, வாரக்கணக்கில் அதையே வைத்து ஓட்டுவதுதான் தப்பு.

அப்புறம், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, ரோஸ், நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம், உள்ளே இருக்கும் மருந்துதான் வேறுபடும், ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் சில நேரம் களியாகிவிடும். கார் கையேட்டில் போட்டிருப்பதை வாங்குங்கள். நீண்ட நாள் உழைக்கும் ரகங்களுக்கும் ஆயுள் உண்டு, டொயோட்டாவின் ரோஸ் கூலன்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டரில், அதன்பின் ஒவ்வொரு 80,000க்கும். ஏற்கனவே தண்ணீர் கலந்துவிட்டதால் நீங்கள் மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே நல்லது. வடித்ததைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், புளோக் அடியில் திறந்தும் வைக்காதீர்கள். பூனை நக்கிவிடும், கொஞ்சம் போதும், செத்துவிடும். மாமனாரிடம் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், லாரிக்காரருக்கு லாரிக்காரர் மரியாதை கொடுப்பார்.

கேள்வி: கேபிஇ சுரங்கப்பாதையில் முள் சிவப்புவரை போனது, நான் பதறுவதற்குள் சட்டென்று அடிக்கு இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று ஓட்டினேன், வெளியே வந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. இப்போது ஹெட் கேஸ்கெட், சில ஆயிரம் வெள்ளி என்கிறார்கள். ஐந்து வருட சிஓஇயில் 14 மாதம்தான் மிச்சம். செய்யலாமா? – பொங்கோல் வாசகர்

பதில்: முள் இறங்கியதற்குக் காரணம் எஞ்சின் ஆறியது இல்லை, கூலன்ட் தீர்ந்தது. சென்சார் கூலன்டில் முழுகியிருந்தால்தான் சரியாகக் காட்டும், வெறும் ஆவியில் நின்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். போதாததற்கு, நிறைய கார்களில் அந்த முள் 75லிருந்து 105 டிகிரிவரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், பார்க்கிறவர் பயப்படக்கூடாதாம். அது நகரும்போது ஏற்கனவே நேரம் கடந்துவிட்டது. முள்ளே இல்லாமல் நீல, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களும் உண்டு. மலிவான ஓபிடி கருவி (காரின் கணினி சொல்வதைப் படித்துக் காட்டுவது) ஒன்றை மாட்டிக் கைப்பேசியில் டிகிரியைப் பார்க்கலாம், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எமாஸ் மீட்பு வண்டி பக்கத்துக் கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப்போகும், அதனால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டத் தேவையே இல்லை.

காசு விஷயம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது, 14 மாதத்தில் கார் போயே ஆக வேண்டும். இன்றே பதிவை ரத்து செய்தால் மிச்ச மாதங்களுக்கான சிஓஇ பணம் கணக்கிட்டுத் திரும்ப வரும். இன்னொரு பக்கம் 10 வயது தாண்டிய காருக்கு சாலை வரியில் கூடுதல் கட்டணம், 14 வயதுக்கு மேல் அது 50 விழுக்காடு, வருடா வருடம் சோதனை வேறு. கேஸ்கெட் மட்டும் என்றால் கூட யோசிக்கலாம். ஆனால் அப்படிச் சூடாகி நின்ற எஞ்சினில் தலை வளைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கழற்றி அளந்து பார்க்காமல் யாரும் விலை சொல்ல முடியாது, கழற்றிய பிறகு சொல்லும் விலை முதலில் சொன்னதாக இருக்காது. என் காராக இருந்தால் பதிவை ரத்து செய்துவிடுவேன்.

கேள்வி: ஒழுக்கை அடைக்கும் மருந்து பாட்டிலில் விற்கிறார்களே, ஊற்றலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: நடுவழியில் ஊசிமுனை ஓட்டை, வீடு போய்ச் சேரணும் என்றால் ஊற்றுங்கள். அது ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைக்காது, பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஊற்றியிருந்தால் அடுத்து காரைக் கொண்டுபோகும் வொர்க்‌ஷாப்பில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கசடு எங்கிருந்து வந்தது என்று தேடுகிற கூலியும் உங்கள் பில்லில்தான் ஏறும்.