அறிவியல் கேள்வி – பதில்: முத்தோரையில் கணினிக்கு என்ன வேலை?

கேள்வி: உதகை அருகே முத்தோரை அண்டக்கதிர் ஆய்வகத்தில் துகள்களை நேரடியாகவே எண்ணுகிறார்களே, அப்புறம் அதே பொழிவைக் கணினியிலும் லட்சக்கணக்கில் பெய்ய வைப்பது ஏன்? (ஓர் ஆசிரியை, குன்னூர்)

பதில்: விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் காற்றில் மோதிச் சிதறி, துகள் மழையாக இறங்குவதுதான் பொழிவு. எண்ணுவது அதில் தரைக்கு வந்து சேர்ந்த மிச்சத்தை மட்டும்தான். மேலே காற்றில் மோதியது புரோட்டானா, இரும்பு அணுக்கருவா, அதன் ஆற்றல் எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது. அங்குள்ள கிரேப்ஸ்-3 சோதனையில், துகள் பட்டால் ஒளிரும் ஒரு சதுர மீட்டர் சிண்டிலேட்டர்கள் சுமார் 400, எட்டு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. கூடவே, எலக்ட்ரானைப் போல மின்னூட்டம் உள்ள, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் துகள்களை எண்ண, 560 சதுர மீட்டரில் மியூவான் தொலைநோக்கி. ஒரே ஆற்றலில் இரும்பு, புரோட்டானைவிடக் கூடுதலாக மியூவான் தரும். எவ்வளவு கூடுதல் என்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். புரோட்டான், ஹீலியம், நைட்ரஜன், அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாகக் கணினியில் பொழியவிட்டு, கருவி காட்டியதோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

இதன் பலன் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். 2014 டிசம்பர் 1ஆம் தேதி இடிமழையின்போது 18 நிமிடம் மியூவான் வரவு ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்தது. மேகத்தின் மின்னழுத்தத்தைக் கணினியில் மாற்றி மாற்றி வைத்து, எந்த அளவில் இதே குறைவு வருகிறது என்று தேடினார்கள். கிடைத்த விடை சுமார் 130 கோடி வோல்ட்! 2019இல் வெளியானது. மேகத்துக்குள் போய் அளந்திருந்தால் இது கிடைத்திருக்காது. பலூனோ விமானமோ ஒரு நேரத்தில் மேகத்தின் ஒரு மூலையைத்தான் பார்க்கும்.

கேள்வி: கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுதி), பொழிவைக் கணக்கிடும் கோர்சிகா நிரலை 100 வேலைகளாகப் பிரித்துப் போட்டேன். நூறும் ஒரே விடை. சில பாதியில் செத்துவிட்டன. எங்கே தவறு? (எம்.எஸ்சி. மாணவர், உதகை)

பதில்: நூறும் ஒரே விடை என்றால் சீட் எண்ணை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றவில்லை. உள்ளீட்டுக் கோப்பில் சீட் வரி குறைந்தது இரண்டு, வரிக்கு மூன்று எண்கள். வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருளில் அர்ரேயாக (ஒரே வேலையின் எண்ணிட்ட பல நகல்களாக) போட்டு, அர்ரே எண்ணைக் கொண்டே சீட்டையும் ரன் எண்ணையும் (ஒவ்வொரு ஓட்டத்தின் எண்) அமையுங்கள். வெளியீட்டுக் கோப்பின் பெயர் ரன் எண்ணிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு பொழிவும் தனி. ஒன்றோடொன்று பேச வேண்டியதில்லை. எனவே வேலைக்கு ஒரு கோர் (செயலியின் ஒரு கணக்கிடும் அலகு) போதும்.

பாதியில் செத்தவை பெரும்பாலும் நேர வரம்பில் மாட்டியவை. ஆற்றல் பத்து மடங்கானால் நேரமும் ஏறத்தாழ பத்து மடங்கு. முதலில் 100 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் பத்துப் பொழிவு ஓட்டி நேரம் பாருங்கள். அந்தக் கணக்கில் பெருக்கி, மேலே பாதி கூட்டி ஸ்லர்மிடம் நேரம் கேளுங்கள். பொழிவுக்குப் பொழிவு நேரம் வெகுவாக மாறும். வெட்டுப்பட்ட கோப்பு பார்க்க நல்லதுபோலவே இருக்கும். கடைசியில் ரன் முடிந்ததற்கான பதிவு இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: தரை உயரத்தை சென்டிமீட்டரில் எழுத வேண்டும். உதகைக்கு 220000. மீட்டர் என்று நினைத்து 2200 போட்டால் நிரல் குறை சொல்லாது, 22 மீட்டர் உயரத்தில், அதாவது கடலோரத்தில், பொழிந்துவிட்டுப் போகும். கிளஸ்டருக்குள் நுழையும் லாகின் முனையில் ஓட்டாதீர்கள், அது எல்லோருக்குமான வாசல். கோப்புகளை ஸ்கிராட்ச் என்ற தற்காலிக இடத்தில் எழுதி, முடிந்ததும் நகர்த்துங்கள்.

கேள்வி: இத்தனை பெரிய கணினிகள் இருந்தும் கோத்தகிரி மழை ஏன் தவறிப்போகிறது? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

பதில்: வானிலைக் கணக்கில் நிலத்தைக் கட்டங்களாக வெட்டுவார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நேர்கோட்டில் 16 கிலோமீட்டர் சுமார், ஏற்றமோ 1500 மீட்டர். 12 கிலோமீட்டர் கட்டத்தில் அது ஒரே படியாகிவிடும். 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டம் 6 கிலோமீட்டர். நல்ல முன்னேற்றம், ஆனால் ஒரு மேடு ஒழுங்காகத் தெரிய ஐந்தாறு கட்டமாவது வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்கு. நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்கு.

அதுவரை ஊட்டிக்குக் காட்டும் எண்ணை அப்படியே உங்கள் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். தென்மேற்குக் காற்றில் கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும், உங்களுக்கு மழை மறைவு. ஐப்பசியில் கிழக்கிலிருந்து வீசினால் மழை உங்கள் சரிவில்தான் ஏறும்.